மாலைக்கண் என்னும் ஒரு சொல்

எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. கங்காதர நெல்லூரில் பிறந்த பலருக்கும் இதுவே நிலை. அம்மாவின் கண்ணுக்கு நேர்ந்ததை வீட்டில் மாலைக்கண் என்றோம். தெருவில் ரேச்சீகடி என்றார்கள். தமிழ்ச்சொல் பொழுதையும் கண்ணையும் இணைக்கிறது. தெலுங்குச்சொல் இரவையும் இருட்டையும் இணைக்கிறது. முதுகலையில் மொழியியல் படித்த நாள்களில் இந்த வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து மகிழ்ந்ததுண்டு. இரண்டு சொற்களும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இரு வேறு நோய்களை அவை ஒரு பெயருக்குள் அடைத்துவிடுகின்றன. ஒன்று வைட்டமின் ஏ குறைவால் வருவது. காலத்தோடு உணவும் மருந்தும் கொடுத்தால் மீண்டுவிடும். 1970 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு அந்த வைட்டமின் திரவம் ஊட்டப்படுவது இதற்காகத்தான். மற்றொன்று ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் மங்கிய ஒளியைப் பற்றும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. நிறத்தையும் நுண்மையையும் காட்டும் கூம்பு செல்கள் 60 லட்சம். இந்நோயில் பரம்பரைக் குறையால் முதலில் கோல்கள் மடிகின்றன. இரவுப் பார்வை போகிறது. பிறகு விளிம்புகள் சுருங்குகின்றன. நடுப்பார்வை மட்டும் நெடுங்காலம் நிற்கிறது. (மருத்துவப் பெயரும் பிழையுடையதே. அது அழற்சி என்கிறது, நோயோ அழற்சியன்று. அப்படியே தமிழாக்கியவர்கள் பிழையையும் சேர்த்தே தமிழாக்கினார்கள்.)

அம்மா சிறுமியாக இருந்தபோது பாரதக் கூத்துக்குப் பாட்டியின் முந்தானையைப் பற்றிக்கொண்டுதான் போவாளாம். மேடை வெளிச்சத்தில் துரியோதனன் தெளிவாகத் தெரிவான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுத்தார்கள். திருமணத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அம்மா முருங்கைக்கீரை தின்றாள். கீரையின்மீது எனக்குக் குறையில்லை. அந்த மற்ற நோய்க்கு அது நல்ல மருந்து. நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தபோது அவளுக்கு வயது 44.

அதன்பின் ஊனச் சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் ஒரு செய்தித்தாளை நீட்டினார். அம்மா சரளமாக வாசித்தாள். “படிக்கிறாரே, இவருக்கா பார்வைக் குறை?” என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். எழுந்து திரும்பிய அம்மா, அருகிலிருந்த நாற்காலியில் மோதி விழுந்தாள். நடிப்பு என்று யாரோ முணுமுணுத்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை இரண்டு வழிகளில் வரையறுக்கிறது. சிறந்த கண்ணாடி அணிந்தும் நல்ல கண்ணில் கூர்மை 6/18க்குக் கீழே, 3/60 வரை இருப்பது ஒன்று. பார்வைப் புலம் 40 பாகைக்கும் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருப்பது இன்னொன்று. நலமான இரு கண்கள் கிடைமட்டமாக ஏறத்தாழ 180 பாகையைக் காண்கின்றன. அம்மா காண்பது 15. செய்தித்தாளின் ஒரு பத்திக்கு அது போதும், நாற்காலிக்குப் போதாது. சட்டத்தின் அந்த இரண்டாம் வழியை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, புலச் சோதனை அறிக்கையோடு மூன்றாம் முறை போனபோதுதான் காரியம் நடந்தது.

உதவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறைபார்வை என்றதும் எல்லோரும் உருப்பெருக்கி வாங்கச் சொல்கிறார்கள். நீரிழிவாலோ முதுமையாலோ விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்களுக்கு அது வரம். அம்மாவுக்கோ பொருளைப் பெரிதாக்கினால் அவளுடைய சிறு சாளரத்துக்குள் இன்னும் குறைவாகவே அடங்கும். வேலூர் ஷெல் கண் மருத்துவமனைக்குப் போய்வந்த பின், வீட்டில் நாங்கள் மாற்றியவை எளியவை: வாசற்படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை, வெயிலுக்கு நிறக் கண்ணாடி, நடக்கும்போது தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம், பின்னர் வெண்கோல். கோலை ஏற்க அவளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் சோற்றைத் தேடித் தடுமாறியவள், வாழையிலையில் தடுமாறுவதில்லை, பச்சைமேல் வெள்ளை.

கோலமும் அப்படியே. சாணம் தெளித்த கரிய தரையில் போட்டு வந்தவள், வாசலுக்குச் சிமெண்டு பூசியதும் நிறுத்திவிட்டாள். சாம்பல்மேல் வெள்ளை அவளுக்கு இல்லாத ஒன்று. செங்காவி பூசினோம், மறுபடி போடுகிறாள். ஒரே நேரத்தில் நான்கைந்து புள்ளிகள்தாம் அவள் கண்ணுக்கு அகப்படும். முழுக் கோலம் கையில் இருக்கிறது.

நான் திருந்த வேண்டியது என் பேச்சில். தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்றார். சுட்டுப் பெயர்களைப் பற்றித்தான் என் ஆய்வேட்டின் ஓர் இயல். ஆனால் “அங்கே இருக்கிறது, பார்” என்று நான் கை நீட்டும்போது, நீட்டிய கை அம்மாவின் 15 பாகைக்குள் இருப்பதில்லை. கை தெரியாதவருக்கு அந்தச் சொல் வெறும் ஓசை. “வலப்பக்கம், இரண்டடி, முழங்கால் உயரத்தில்” என்று சொல்லப் பழக எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. இன்றும் அவசரத்தில் அங்கே என்றுதான் வாயில் வருகிறது. “எங்கே?” என்று கேட்பாள், பொறுமையாக.

இப்போது வீட்டில் தங்கையின் திருமணப் பேச்சு. மாப்பிள்ளை, தாய்மாமன் மகன், நல்லவன். பாட்டி தன் சொந்தத் தாய்மாமனையே மணந்தவள். அம்மாவுக்கு வந்திருப்பது ஒடுங்கு பண்பு வகை என்று மருத்துவர் சொன்னார். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும். அப்படியானால் நானும் தங்கையும் தலைக்கு ஒன்றைச் சுமக்கிறோம். மாமன் மகனும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஆர்பிஇ65 என்னும் ஒரு மரபணுவின் பழுதுக்கு மட்டும் 2017இல் அமெரிக்காவில் மரபணு மருந்து ஏற்கப்பட்டது. அதன் விலை எங்கள் ஊரையே விற்றாலும் கட்டாது.

இதைச் சொன்னபோது மாமா கோபித்துக்கொண்டார். “உன் படிப்பு உறவைப் பிரிக்கிறதா?” என்றார். பேசாமலிருந்த அம்மா, “அண்ணா, நான் முப்பது வருஷம் கீரை தின்றேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சென்ற வாரம் மாமன் மகனும் தங்கையும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு வர இன்னும் சில வாரங்கள் ஆகும். திரும்பும்போது சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் இருட்டிவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படிகளை எண்ணினாள். கடைசிப் படியில், “இப்போது எந்தப் பக்கம்?” என்றாள். இடப்பக்கம், பத்தடி என்றேன்.