அடுத்த வீட்டுப் பேரேட்டில் என் பாட்டன்

கொச்சி மட்டாஞ்சேரியில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களை ஏடு உள்ளவர், ஏடு இல்லாதவர் என்றுதான் நான் பிரித்துப் பார்ப்பேன். கொங்கணிக்காரர்களுக்கு மடம் இருக்கிறது, கோவாவில் குலதெய்வக் கோயில் இருக்கிறது. குஜராத்திகளுக்குச் சொந்த ஊரில் பாரோட்டுகள் இருந்தார்கள். பிள்ளை பிறந்தால் வந்து வம்சாவளி ஏட்டில் ஏற்றிவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போவார்கள். கச்சி மேமன்களுக்கு ஜமாஅத் இருக்கிறது. யூதர்களுக்குக் கல்லறைக் கல்லும் திருமண ஒப்பந்தப் பத்திரமும் இருக்கின்றன. டச்சு வழி வந்தவர்களுக்கு ஃபோர்ட் கொச்சி செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் 1751 முதல் 1804 வரைக்குமான ஞானஸ்நான, திருமணப் பதிவேடே இருக்கிறது. 1932-ல் அதை இங்கிலாந்துக்கு அனுப்பி பைண்டு செய்து வாங்கினார்கள். இன்றைக்குப் போனாலும் அதன் நகலைப் பார்க்கலாம்.

நாங்கள் ஏடு இல்லாதவர்கள். தமிழ் வண்ணார். பட்டாளத்துத் துணி வெளுக்க டச்சுக்காரர்கள் எங்களைப் பாண்டி நாட்டிலிருந்து கூட்டி வந்தார்கள் என்பது வாய்மொழி. நானும் அதை வாய்மொழி என்றே எழுதுகிறேன். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில், நகர வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ. 1976-ல் கட்டிக்கொடுத்த டோபிகானா இப்போதும் நடக்கிறது. கஞ்சி, நீலம், சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி எல்லாம் உண்டு. கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகிக் காயப்போடுவோம், கிளிப் கிடையாது. சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். படத்தில் இருக்கிறவரின் பெயரை யாரும் குறித்துக்கொண்டு போனதாக நான் பார்க்கவில்லை.

வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் குறிகள்தான். சேங்கொட்டைப் பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் போடுகிற குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கிக்காரர் வீடு. வளையமும் அதற்குள் ஒரு புள்ளியும் என்றால் ஜூ டவுனில் ஒரு வீடு. எழுத்து தெரியாத என் பாட்டிக்கு அத்தனை குறியும் மனப்பாடம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளை உட்கார வைத்து ஒரு நோட்டில் வரைந்து வைத்தேன். வீடு கைமாறி வேறு குடும்பம் குடிவந்தாலும் குறி மாறாது. அது சுவருக்கும் கூரைக்கும் சேர்ந்தது. அந்த நோட்டு ஒரு ஊரின் வீட்டு வரிசை என்று எனக்கு விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான். அதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் குறி இல்லை. எங்கள் துணிக்கு எதற்குக் குறி?

ஆகவே எங்களைப் பற்றி ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அது நாங்கள் வெளுத்துக் கொடுத்த வீடுகளில்தான் இருக்க வேண்டும். அதைத் தேடப் போன இடத்தில்தான் என்னைப் போலவே பழசைக் கிளறிக்கொண்டிருக்கும் மற்றவர்களைக் கண்டேன். அடுத்தவர் புத்தகத்தில் நம் ஆள் இருப்பது இந்த ஊரில் புதிதும் அல்ல. சேர்த்தலை கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் 1675-ல் கோலெழுத்தில் எழுதிக்கொடுத்த சான்று, 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ முதல் தொகுதியில் இருக்கிறது. டச்சுக் கவர்னர் ஒருவர் செடிகொடிகளைப் பற்றிப் போட்ட புத்தகம் அது. அந்தச் சான்று இல்லாவிட்டால் இன்றைக்கு அந்த வீட்டைத் தேடி யார் போவார்கள்?

என் முதல் கூட்டாளி ஒரு குஜராத்திப் பெண்மணி. நான் ‘பென்’ (சகோதரி) என்று கூப்பிடுவேன், அவர் என்னை ‘பாய்’ (சகோதரர்) என்பார். மாமனாரின் மாமனார் வரைக்கும் மிளகு, சுக்கு வியாபாரம் செய்த குடும்பம். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளவாட்டுக் கணக்குப் புத்தகங்கள் அவர்கள் பரணில் அடுக்கடுக்காக இருந்தன. தீபாவளிக்குத் தீபாவளி பூசை போட்டு ஒன்று தொடங்குவார்கள். “எங்கள் தாத்தாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “வீட்டுச் செலவில் துணி வெளுத்த கூலி எழுதுவார்களா?” என்று கேட்டேன். எழுதியிருந்தார்கள். மாதாமாதம் ‘தோபி’ என்று போட்டு ஒரு தொகை. பெயர் இல்லை.

பெயர் இல்லாத வரியிலிருந்து ஆளைப் பிடிப்பதுதான் இந்த வேலையின் நுணுக்கம். தொகை ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்வரை அதில் சேதி இல்லை. எங்கே நிற்கிறது, எங்கே குறைகிறது என்று பார்க்க வேண்டும். “வெள்ளத்துக்கு மறுமாசம் பெரியவர் போயிட்டார், உங்க தாத்தா மீசை முளைக்கும் முன்னாடியே மூட்டை தூக்கினார்” என்று பாட்டி சொல்வாள். அவள் சொன்ன வெள்ளம் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம். குஜராத்திகளின் சம்வத் கணக்கில் 1980-ஆம் வருஷப் புத்தகத்தில் சிராவண மாதத்தோடு தோபிக் கூலி நின்றுவிடுகிறது. ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு பாதித் தொகை. பென் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்: ‘தோபினோ சோக்ரோ’. வண்ணான் பையன். சில வருஷப் புத்தகங்கள் வரைக்கும் சோக்ரோதான். அப்புறம் ஒரு தீபாவளிக்குப் பிறகு முழுத் தொகையும் ‘தோபி’ என்ற பழைய தலைப்பும் திரும்பி வருகின்றன. என் தாத்தா பெரியவரானதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான்.

பதிலுக்கு நான் கொடுத்தது குறி நோட்டு. சொந்தக் கட்டடம் வாங்குவதற்கு முன் அவர்கள் குடும்பம் எங்கே வாடகைக்கு இருந்தது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது. அவர்கள் வீட்டுக் குறியின் கீழே பாட்டி இன்னொரு இடத்தின் அடையாளமும் சொல்லியிருந்தாள். அதை வைத்து அவர் பழைய வாடகைச் சீட்டைத் தேடிப் பிடித்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் காலக்கணக்கு பழக வேண்டும். அந்த வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. வெளியூர்க்காரர் 99 என்றதும் 1899 என்று எழுதிவிடுவார். அது கொல்லம் ஆண்டு 1099. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இரத்தாட்சி வருஷம். சேட்டுகளுக்குச் சம்வத் 1980. யூத வீட்டில் 5684. மேமன் வீட்டில் ஹிஜ்ரி 1342. ஒரே மழை ஐந்து கணக்கில் பெய்திருக்கிறது. இதில் ஒவ்வொன்றுக்கும் வருஷப் பிறப்பு வேறு: சித்திரையில் ஒன்று, சிங்ஙத்தில் ஒன்று, தீபாவளிக்கு மறுநாள் ஒன்று. இரத்தாட்சி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்பதால் 1864-லும் ஒன்று உண்டு. பாட்டனும் பேரனும் ஒரே பெயர் வைத்துக்கொள்கிற குடும்பத்தில் இது போதும், இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிட. மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் கொச்சி யூதர்களுக்கும் உண்டு. இந்தத் தலைவலியில் அவர்களும் நாங்களும் ஒன்று. ஆகையால் நான் தேதியைவிட நிகழ்ச்சியை நம்புகிறேன். வெள்ளத்துக்கு முன்னா பின்னா? 1889 ஜனவரியில் ‘சந்திரபானு’ கப்பலில் பிடித்த தீ ஃபோர்ட் கொச்சியை எரித்ததே, அதற்கு முன்னா பின்னா? கிழவர்களிடம் இப்படிக் கேட்டால் பதில் பிசகாது.

அரசாங்கப் பதிவேடு தேடுகிறவருக்கு வேறு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஃபோர்ட் கொச்சி மதறாஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லா. பிரிட்டிஷ் கொச்சி என்பார்கள். மட்டாஞ்சேரி மகாராஜாவின் ராஜ்யம். நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு சர்க்காரிலும் தம்பி இன்னொரு சர்க்காரிலும் பிறந்திருப்பார்கள். 1956-ல் கேரளம் ஆனபிறகுதான் இரண்டும் ஒரு மாநிலம், 1967-ல் கொச்சி கார்ப்பரேஷன் வந்தபிறகுதான் ஒரு நகரசபை. இதை அறியாமல் ஒரே அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டு, ‘இல்லை’ என்ற பதிலை ஆள் பிறக்கவே இல்லை என்பதுபோல் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடிதம் போட்டு வம்சம் விசாரிப்பது மட்டாஞ்சேரியில் பழைய தொழில். 1686-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரைரா தெ பைவா என்ற யூத வியாபாரி இங்கே வந்து, கொச்சி யூதர்களைப் பற்றி எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருஷமே அது அச்சாயிற்று. 1768-ல் ஹேக் நகரத்து தோபியாஸ் போவாஸ் கேட்ட கேள்விகளுக்கு, டச்சுக் கம்பெனியின் பெரிய வர்த்தகரான எசக்கியேல் ரஹபி மட்டாஞ்சேரியிலிருந்து பதில் எழுதினார்: எங்கிருந்து வந்தோம், எப்போது வந்தோம், யார் யார் இருக்கிறோம். எனக்கு அந்தக் கடிதத்தின்மேல் மரியாதையும் உண்டு, ஒரு மனக்குறையும் உண்டு. வம்சாவளி கேட்பது இங்கே வெறும் ஆசைக்காக மட்டும் நடந்ததில்லை. யார் சுத்தம், யார் அடிமை வழி என்று பிரிக்கவும் அதே கயிறு உதவியது. பரதேசி ஜெபாலயத்தில் ஒரு சாராரை உள்ளே உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். அந்தச் சாராரில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்தார். நாட்குறிப்பும் எழுதி வைத்தார். அதே சமூகத்து ரூபி டேனியல், இஸ்ரேலுக்குக் குடிபோன பிறகு, பார்பரா ஜான்சனோடு சேர்ந்து 1995-ல் ‘ரூபி ஆஃப் கொச்சின்’ வெளியிட்டார். மட்டாஞ்சேரிக் குடும்ப வரலாறு எழுத வருகிற எவருக்கும் நான் முதலில் கொடுக்கச் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். ரஹபியின் கடிதத்தில் வீட்டின் முன்வாசல் தெரிகிறது. ரூபியின் புத்தகத்தில்தான் அடுக்களையில் யார் இருந்தார்கள் என்று தெரிகிறது.

டச்சு ஏடுகளுக்கு என்னிடம் மொழி இல்லை. ஃபோர்ட் கொச்சியில் டச்சு வழி வந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருக்கும் மாஷ், எனக்காக வாசித்தார். கொச்சியின் டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி இப்போது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவற்றிலிருந்து கவர்னர்களின் அறிக்கைகள் இரண்டைக் கல்லெட்டி என்பவர் 1911-ல் மதறாசில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மாஷுக்குக் கொழும்பில் கூட்டாளிகள் உண்டு. 1908-ல் தொடங்கிய டச்சு பர்கர் யூனியனின் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். கம்பெனிக் கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வந்த சாதாரணச் சிப்பாய்க்கும் சம்பளப் பேரேட்டில் பெயர், ஊர், வாங்கின கடன் எல்லாம் இருக்கும் என்று மாஷ் சொன்னார். “அவன் சட்டையை வெளுத்தவன்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “கோர்ட்டுக் கடலாசு நோக்கணும்” என்றார்.

அது உண்மை. வழக்கு என்று வந்தால் சாட்சிக்குப் பெயர் வேண்டும், வயது வேண்டும், பிறந்த ஊர் வேண்டும். அடிமையாக விற்கப்பட்டவர் விற்பனைப் பத்திரத்தில் பெயரோடு வருகிறார். ஏழை ஏட்டில் ஏறுவது குற்றத்தில், கடனில், விற்பனையில். குடும்பப் பெருமைக்காக இதில் இறங்குகிறவர் இந்த இடத்தில் திரும்பிவிடுவது நல்லது. நான் திரும்பவில்லை, ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இன்னொரு குடும்பத்தின் ஆள் அப்படி ஒரு தாளில் கிடைத்தால், அந்தக் குடும்பத்தாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் அந்தத் தாளை மறுபடி எடுப்பதும் இல்லை. மாஷும் பென்னும் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். மற்றபடி எங்களுக்குள் சட்டம் ஏதும் இல்லை. வாங்குவதற்கு முன் ஏதாவது கொடுக்க வேண்டும், எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நகல் தரக்கூடாது, ஒருவர் வீட்டுப் பழங்கதையை அவர் வீட்டு நடையிலேயே நின்று மறுக்கக்கூடாது. எங்கள் டச்சுக் கதையை மாஷ் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் இன்னொரு ஏட்டின் பெயரைச் சொல்வார், அவ்வளவுதான்.

வெளியாரோடு கொடுக்கல் வாங்கல் சுலபம். சொந்தத்தில்தான் தகராறு. பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காள் மகன் கைப்பிரதியைப் படித்துவிட்டுப் போன் செய்தான்.

“மாமா, லாண்டரி பிசினஸ்னு போட்டா போதாதா?”

“உங்க பூட்டனுக்கு பிசினஸ் இல்லடா, மூட்டைதான் இருந்தது.”

“என் பிள்ளைங்க பேரும் அதுல வருதே.”

அதில் நியாயம் இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்டேன். ‘வண்ணார்’ என்பதை எடுக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்போது கையில் இருப்பது ஒரு மேசைவிரிப்பு. 1950-களில் இஸ்ரேலுக்குப் போன ஒரு மட்டாஞ்சேரிக் குடும்பத்தின் பேத்தி, அதன் ஓரத்தில் இருக்கும் கறுப்புக் குறி என்ன என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தாள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வளையம், உள்ளே ஒரு புள்ளி. நோட்டைப் பார்த்து வீட்டைச் சொன்னேன். பதிலுக்கு அவள் தன் பாட்டியை மலையாளத்தில் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்பினாள். பழைய மட்டாஞ்சேரி மலையாளம். இங்கே இப்போது அப்படிப் பேச ஆள் குறைவு. வாரத்துக்கு ஒருமுறை அழுக்கு எடுக்க வந்த பெண்ணின் பெயரை அந்த அம்மாள் தயங்காமல் சொல்கிறார்.

அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. வெளியில் விசாரித்தேன். இரண்டு குடும்பங்கள் அவள் தங்கள் ஆள்தான் என்கிறார்கள். ஒரு வீட்டில் அவள் காது வளர்த்தவள், இன்னொரு வீட்டில் பீடி குடித்தவள். இரண்டு வீட்டாரும் நான் மற்ற வீட்டுப் பக்கம் சாய்வதாகக் குறைசொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி, பீடி உண்டா, காது எப்படி என்று இஸ்ரேலுக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.