அடியில் யார் கையெழுத்து?

கையெழுத்துப் போடுவதென்றால் நம் ஆட்களுக்கு ஒரு உதறல் உண்டு. ரெண்டு தரம் படித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டி, அப்புறம்தான் பேனாவையே திறப்பார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் ஆபீஸ்களில் மட்டும் இந்த உதறல் குறைந்துகொண்டு வருகிறது. கேட்டதை டீ ஆறுவதற்குள் எழுதித் தர ஏ.ஐ. இருக்கிறதே!

லினக்ஸ்காரர்கள் இதில் உஷார். எஸ்.சி.ஓ. என்ற கம்பெனி தன் சரக்கு லினக்ஸில் கலந்திருப்பதாகச் சொல்லி 2003-ல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. அடுத்த வருஷமே ஒரு வழக்கம் வந்தது. ஒரு வரி மாற்றினாலும் அடியில் 'ஸைன்ட் ஆஃப் பை' என்று உங்கள் பெயர். 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று அர்த்தம். இப்போது ஏ.ஐ.க்கும் விதி எழுதியிருக்கிறார்கள்: எழுதலாம், அந்தக் கையெழுத்தை மட்டும் போடக் கூடாது. அது மனுஷன் வேலை. ஏ.ஐ.யின் ஒத்தாசையை 'அசிஸ்டட் பை' என்று தனியாகக் குறிக்க வேண்டும். ஜென்டூ கோஷ்டி 2024 ஏப்ரலில் 'ஏ.ஐ. எழுதினதே வேண்டாம்' என்று கதவைச் சாத்திவிட்டது. எனக்கென்னவோ லினக்ஸ் கட்சிதான் சரி என்று படுகிறது.

எங்கள் புராஜெக்டிலும் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்.டி.' என்று ஒரு ஃபைல் வைத்திருக்கிறோம். வேலை தொடங்குமுன் ஏ.ஐ. அதைப் படித்துக்கொள்ளும். புது லைப்ரரி சேர்ப்பதானால் கேள் என்பது ஒரு விதி. ஏனென்றால் ஐயா சில சமயம் இல்லாத லைப்ரரிக்குப் பெயர் சொல்லுவார். அந்தப் பெயரிலேயே விஷமத்தைப் பதிந்து வைத்துக் காத்திருக்கும் புண்ணியவான்களும் உண்டு. இன்னொரு விதி, டெஸ்ட் ஃபெயிலானால் டெஸ்ட்டைத் திருத்தாதே. (பரீட்சையில் கோட்டை விட்டவன் கேள்வித்தாளைத் திருத்துகிற சாமர்த்தியம் அதற்கு நிறையவே உண்டு!) ஃபைல் நீண்டுகொண்டே போனால் பாதி விதியைக் கோட்டை விடும், ஆகவே ஒரு பக்கத்தோடு சரி. டேட்டாபேஸை அழிக்காதே என்று மட்டும் எழுதவில்லை. அதன் பாஸ்வேர்டையே கொடுக்கவில்லை. பூனைக்குப் புத்திமதி சொல்வதைவிடப் பாலை உறியில் வைப்பது மேல்.

போன வாரம் ஒரு தம்பி, பணம் பிடிக்கிற பகுதியை மாற்றி அனுப்பினான். மொத்தம் எழுநூறு வரி.

"பேங்க் பதில் தரலைன்னா மூணு தடவை முயற்சி பண்ணுதே, ஏன்?" என்றேன்.

"அது போட்டுச்சு அண்ணா."

"நீ என்ன போட்டே?"

"கையெழுத்து."

பதில் வரவில்லை என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லையே! முதல் தடவையே பிடித்திருக்கலாம். எங்கோ ஒருத்தர் சம்பளத்தில் ஒரே கரண்ட் பில்லுக்கு மூன்று தரம் கத்தரி விழும். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். அதை எடுக்க வேண்டியவன் இவன்தான், ஏ.ஐ. இல்லை.

சாயங்காலம் திரும்ப வந்தான். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி நம்பர். அதே நம்பர் மறுபடி வந்தால் பேங்க் இரண்டாம் தரம் பிடிக்காது. வரிகள் நூற்றிருபதாகச் சுருங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சொன்னான்.

"இதையும் அதான் எழுதிச்சா?"

"பாதி அது அண்ணா. ஆனா எல்லாத்தையும் நான் படிச்சிட்டேன்."


சரியென்று அனுப்பிவைத்தேன்.