ஒரே ஆண்டு, பல பெயர்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் அக்கராயனை அடுத்துள்ள ஸ்கந்தபுரத்திலே ஓர் ஆண்டுக்குப் பல பெயர்கள் வழங்குவதை நாம் கேட்கலாம். 1996ஐ மாணவர் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு’ என முழுமையாகப் படிப்பர். பேச்சிலோ ‘தொண்ணூற்றாறாம் ஆண்டு’ என்றால் போதும். சாதகம் பார்க்கும் முதியோர்க்கு அது ‘தாது வருடம்’. கிளிநொச்சி நகரைப் படையினர் கைப்பற்ற, மக்கள் இப்பக்கமாகப் பெயர்ந்து வந்தமையால் ‘இடம்பெயர்ந்த வருடம்’ எனினும் பொருந்தும்.

எண் திரும்பி வாராது. பஞ்சாங்கப் பெயரோ அறுபது ஆண்டுக்கொருமுறை மீளும். போர் முடிவுற்ற 2009 மே மாதம் ‘விரோதி’ வருடத்தில் அமைந்தது. 2069இல் அப்பெயர் மீண்டும் வரும். அன்று முதியோராயிருக்கப் போகின்றவர் இன்றைய சிறுவரே. பெயருக்குள் இருக்கும் கதையைப் பெரியோரிடம் அவர்கள் இன்றே கேட்டு வைத்தல் நன்று.