சாயாத வண்டி

சந்தூர் ரோட்டில் முதல் வளைவு வந்ததும் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்துவிட்டது. வண்டி சாயவில்லை. விறைப்பாக நிமிர்ந்துகொண்டு, ரோட்டை விட்டு விலகி, மாங்கன்று நர்சரியின் வேலியைப் பார்த்துப் போனது. ஹேண்டிலைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன். எதிரே வந்த டிராக்டர்க்காரர் வேகத்தைக் குறைத்து, "பாத்துப் போங்க பெரியவரே" என்றார். சைடு வீல் மாட்டி அன்றைக்கு மூன்றாம் நாள்.

எங்கள் மத்தூரில் இதை மூணு சக்கர வண்டி என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு. ஸ்கூட்டரின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு இரும்புச் சட்டம், ஸ்பிரிங், பக்கத்துக்கொரு சின்னச் சக்கரம். அரசாங்கத் தமிழில் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்'. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் வண்டிகள் திங்கட்கிழமைகளில் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வந்து நிற்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நானும் அப்படி ஒன்றில் உட்காருவேன் என்று நினைத்ததில்லை. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த வகைக்கு 'இன்வாலிட் கேரியேஜ்' என்று பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிகிள்' என்று போட்டார்கள். நல்லவேளை, நான் தாமதமாகத்தான் விழுந்தேன்.

விழுந்த கதை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நாற்பது வருடம் வண்டி ஓட்டியவன் வேகத்தில் விழுந்திருந்தால் ஒரு மரியாதை. நான் விழுந்தது நின்ற வண்டியோடு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ஆடு பிடித்துக்கொண்டு ஒருவர் குறுக்கே போனார். பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடம் இரண்டு அங்குலம் பள்ளம், அதில் நசுங்கிய தக்காளி. கால் தரையைத் தேடிப் போனது, வண்டி மேலே வந்தது. அவ்வளவு மெதுவாக நடந்தது. விழப்போகிறோம் என்று யோசிக்கக்கூட நேரம் இருந்தது. இடது இடுப்பில் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து நான்கு மாதம் கட்டிலில் கிடந்தேன்.

எல்லாம் அந்த இடது கால்தான். என் முதல் வண்டி எஸ்டி, 1984இல் இரண்டாம் கையாக வாங்கியது. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. முதலில் ஜாவா என்ற பெயரிலேயே விற்று, எழுபதுகளில் எஸ்டி ஆனது. இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் கூடினால் பின்னால் வருகிறவன் புகையில் மறைந்துபோவான். அந்த வண்டியின் விசேஷம் இடது பக்கம் இருக்கும் ஒரு வளைந்த இரும்பு. கிக்கரும் அதுவே, கியரும் அதுவே. லேசாக உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து வண்டி பிடித்ததும் முன்னால் மடக்கி விட்டால் கியர். வலது காலால் உதைத்துப் பழகிய புல்லட்காரன் இதில் ஏறினால் காலால் காற்றைத் துழாவுவான். உதைப்பது, கியர் மாற்றுவது, நின்றால் ஊன்றுவது, எல்லாவற்றுக்கும் ஒரே கால். இன்றைக்கு ஒடிந்த காலும் அதுதான் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. கணக்கு தீர்ந்தது, அவ்வளவுதான்.

அப்போது ஓசூர் சிப்காட்டில் வேலை. டி.வி.எஸ். 50 வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஷிஃப்ட் விட்டால் ரோடு முழுக்க அந்த மொப்பெட்தான். முன்னால் தூக்குச் சட்டி, பின்னால் மச்சான். அதே 1984இல்தான் சுசுகியோடு சேர்ந்து நூறு சி.சி. பைக்கும் அங்கே போட்டார்கள். சத்தமில்லாமல் சீறிப் போகும். என் எஸ்டி தடதடவென்று கத்திக்கொண்டு பின்னால் போகும். கன்னடம் பேசுகிற ஃபோர்மேன், தெலுங்கு பேசுகிற ஃபிட்டர், தமிழ் பேசுகிற நான். என் வண்டிச் சத்தம் கேட்டால் ஃபோர்மேன் காதைப் பொத்துவார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்புவேன். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2900 அடி. டிசம்பரில் சட்டைக்குள் தினசரித் தாளை மடித்து வைத்துக்கொண்டுதான் வண்டி எடுக்க முடியும். சூளகிரி தாண்டினால் மேலுமலை இறக்கம். வளைந்து வளைந்து இறங்கும் ரோடு அது. அங்கே ஒரு இடத்தில் குளிர் விட்டு, கீழே இருந்து வெதுவெதுவென்று காற்று முகத்தில் மோதும். கிருஷ்ணகிரி வந்துவிட்டது என்பதை முதலில் கன்னம் சொல்லும்.

அந்த இறக்கத்தில்தான் நான் சாயக் கற்றேன். இரண்டு சக்கர வண்டியை யாரும் திருப்புவதில்லை, சாய்க்கிறோம். இடது பக்கம் போக வேண்டுமானால் ஹேண்டிலின் இடது முனையை மெல்ல முன்னால் தள்ளுகிறோம். தள்ளுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. வண்டி சாய்கிறது, நாமும் சாய்கிறோம், ரோடு தானாக வளைந்து கொடுக்கிறது. சைடு வீல் வண்டியில் இது எதுவும் கிடையாது. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறாயோ அந்தப் பக்கம் போகும், உன் உடம்பை மறுபக்கம் தூக்கி எறியும். மேஜையில் உட்கார்ந்து மேஜையைத் திருப்புகிற மாதிரி.

பள்ளத்தின் கதை வேறு. எஸ்டிக்கு ரோட்டில் ஒரு கோடு போதும். இதற்கு மூன்று கோடு வேண்டும். முன் சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து சாமர்த்தியமாக ஒதுக்கிவிட்டோம் என்று மகிழ்வதற்குள் இடது சின்னச் சக்கரம் அதில் இறங்கி எழும். நம் ரோடுகள் ஓரத்துக்குச் சரியும். ஓரமாகப் போனால் வண்டி இடது பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும், பத்து கிலோமீட்டரில் மணிக்கட்டு வலிக்கும். தென்னந்தோப்பு வரப்பில் பாரூர் ஏரிக்கரை வரைக்கும் போவேனே, அந்தப் பாதை இப்போது எனக்கு இல்லை.

மேலுமலையும் அந்த மேலுமலை இல்லை. தங்க நாற்கரச் சாலை வந்து வளைவுகளை நிமிர்த்திவிட்டது, நடுவில் தடுப்பு. கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர் வரும் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் நின்றது. அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து நம்பர் எழுதியிருப்பார்கள், வருடா வருடம் காய் ஏலம் போகும். வளைவு வரப்போவதை இருட்டில் அந்த வெள்ளைப் பட்டைகள்தான் காட்டும். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து ஒதுங்கி நிற்கும். ரோட்டை அகலப்படுத்தினபோது மரங்கள் போயின. ரோட்டுக்கும் 66 என்ற நம்பர் போய் 77 வந்தது. வண்டியை மட்டும் குறை சொல்லி என்ன, சாய்வதற்கு ரோடும் வேண்டுமே.

இப்போது 2021இலிருந்து போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாக்காரர்கள் பேட்டரி ஸ்கூட்டர் செய்கிறார்கள். லாரி லாரியாக மத்தூர் வழியே போகிறது. தொழிற்சாலைக்குப் போகும் பெண் பிள்ளைகள் அதிகாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நாங்கள் எழுபது கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் செய்த வேலை அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஸ்டார்ட் செய்தால் ஒரு சத்தமும் இல்லை. என் ஃபோர்மேன் இருந்தால் காதைப் பொத்த வேண்டியிருக்காது.

பேரன் போனில் தேடி ஒரு படம் காட்டினான். 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் செய்த, பெட்ரோலில் ஓடும் முதல் மோட்டார் சைக்கிள். மரச்சட்டம், மரச்சக்கரம், மேலே சேணம் மாதிரி சீட்டு. இரண்டு பக்கமும் பார்த்தால், சின்னதாய் இரண்டு சைடு வீல்! "தாத்தா, ஃபர்ஸ்ட் பைக்கே உன் வண்டிதான்" என்றான். டைம்லரின் மகன் அதை ஓட்டிப் போனபோது, அடியில் இருந்த இஞ்சின் சூட்டில் சீட்டு தீப்பிடித்துக்கொண்டதாம். அந்த வகையில் சைடு வீல் மாட்டின நம் மெக்கானிக் பரவாயில்லை.

எஸ்டி மாட்டுக் கொட்டகையில் சாக்குக்குள் நிற்கிறது. 1996இல் கம்பெனி மூடினதோடு ஸ்பேர் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. விற்கச் சொல்லி மகன் சொல்கிறான். அதில் இன்னும் சேலை கார்டு இருக்கிறது. 86இல் கல்யாணம் முடிந்து முதல் தடவை மனைவியை ஏற்றினபோது, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தவள், வளைவு வந்தால் எதிர்ப் பக்கம் சாய்வாள். வண்டி திணறும். நிறுத்தி, "வண்டி எந்தப் பக்கம் சாயுதோ நீயும் அந்தப் பக்கமே சாயி, பயப்படாத" என்றேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். பின்னால் ஆள் இருப்பதே தெரியாத மாதிரி கூடவே சாய்வாள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் சைடு வீல் வண்டியில் சந்தூருக்கு இரண்டு செந்தூரா மாங்கன்று வாங்கப் போனோம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன், குறை சொல்வாள் என்று நினைத்து.

"நல்லா இருக்குதுங்க. இப்பத்தான் கண்ணத் தொறந்துக்கிட்டு வரேன்."

"அப்போ?"

"மேலுமலையில எல்லாம் சீட்டுக் கம்பியப் புடிச்சி, கண்ண இறுக்கி மூடிக்குவேன். நீங்க பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு வருவீங்க."

நாற்பது வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "கேட்டாதான சொல்லுவாங்க" என்கிறாள்.

திரும்பும்போது மாங்கன்றுகள் காலடியில் நின்றன. அதே வளைவு. நான் இந்த முறை உடம்பை அசைக்காமல் ஹேண்டிலை மட்டும் பதமாகத் திருப்பினேன். வண்டி ஒழுங்காக வளைந்தது. அவள் சாய்ந்தது முதுகில் தெரிந்தது.