கோல் காத்த ஆறுமுகம்

1980-ஆம் ஆண்டில் நான் பத்து வயதுச் சிறுவன். ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோம். மாலையில் திடலில் பந்தாட்டம் நடக்கும். வேகமாக ஓட இயலாதவனைக் கோல் காக்க நிறுத்துவது எங்கள் வழக்கம். அவ்விடம் பெரும்பாலும் எனக்கே வாய்த்தது. அதனை இழிவென்றே எண்ணி வருந்தினேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதியாட்டம். எதிரணி தென்கொரியா. கிராணியார் வீட்டு வானொலியைச் சுற்றித் தோட்டத்தார் கூடியிருந்தனர். 2–1 என நம்மவர் வென்றனர். வெற்றி கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கை எல்லாரும் புகழ்ந்தனர். என் செவியோ ஆறுமுகம் என்ற பெயருக்கே காத்திருந்தது. நம் பெயருடைய ஒருவர் நாட்டுக்கே கோல் காவலர்!

1953-இல் பிறந்த ஆறுமுகம் சிலாங்கூர் அணியின் ஆட்டக்காரர். நீண்ட கைகளால் பந்தைப் பற்றியமையால் ‘ஸ்பைடர்மேன்’ என்று மக்கள் அழைத்தனர். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும், 1977, 1979 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற அணிகளிலும் அவர் இருந்தார். கோல் காவலுக்குக் கை மட்டும் போதாது. எதிரி தனியே பந்துடன் வருங்கால் கோட்டிலேயே நின்றால் இருபுறமும் வெளி விரிந்து கிடக்கும். இரண்டடி முன்னேறினால் அவ்வெளி சுருங்கும். இதனைப் பின்னாளில் ஆசிரியர் கல்லூரியிலேதான் கற்றேன்.

வென்றும் மாஸ்கோ செல்லவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. “வெட்டிய பாலெல்லாம் மழையில போச்சு” என்றார் என் தகப்பனார். மங்கு நிறைந்த வேளையில் பெய்யும் மழையை அறிந்தவரல்லவா!

1988 டிசம்பர் 15-இல் ஒரு கார் விபத்து ஆறுமுகத்தைக் கொண்டுபோயிற்று. வயது 35. ஆட்டக்காரருக்கு ஓரளவு ஊதியம் தரும் பகுதித் தொழில்முறைப் போட்டி மறு ஆண்டே இங்குத் தொடங்கிற்று. 2016-இல் ‘ஓலா போலா’ திரைப்படம் அவ்வணியின் கதையைத் தழுவி வந்தபோதுதான் நம் பிள்ளைகள் பலர் அவரைப் பற்றிக் கேட்கலாயினர்.

அண்மையில் பள்ளித் திடலில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “எப்பவும் நான்தானா ஐயா கோல்ல நிக்கணும்?” என்று கண்கலங்கினான். அவனருகே அமர்ந்து இக்கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டானோ இல்லையோ, எழுந்து போய்க் கோட்டிலிருந்து இரண்டடி முன்னே நின்றான்.