கேமரா இல்லாத வாக்காளர்

கிறிஸ்தவ சபையின் முதல் தேர்தல் ஒரு சாப்பாட்டுத் தகராறில் வந்தது. நம்பாதவர்கள் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பார்க்கலாம். எருசலேமில் கூட்டம் பெருகப் பெருக, தினப்படி பந்தியில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசும் பிரிவினர் முணுமுணுத்தார்கள். அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, விடுபட்டுப் போனோம் என்று புகார் சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கட்சி இன்றைக்கு இதைச் செய்யும்?

அதற்கு முன்னால் யூதாஸ் இடத்துக்கு ஆள் பிடித்தது சீட்டுப் போட்டு. எகிப்தின் காப்டிக் சபையில் அந்த வழக்கம் இன்னும் உண்டு. 2012 நவம்பர் 4 அன்று கெய்ரோவில் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் மூன்று பெயர்களில் ஒன்றை எடுத்தான். இரண்டாம் தவத்ரோஸ் போப் ஆனார். உத்திரமேரூர் ஞாபகம் வருகிறதா? பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். அங்கேயும் ஓலை, குடம், ஒன்றுமறியாத ஒரு பையன். கூடவே ஒரு கறாரான விதி: முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் நிற்கக்கூடாது. நிற்க விரும்புகிறவனுக்குக் கால்வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும்.

இதையெல்லாம் நான் புரட்ட நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் ஜூம் சபை.

2020 மார்ச்சில் கோயில் பூட்டியபோது எங்கள் பனங்காட்டு ஊர்க்காரர்கள் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஜூமில் கூட ஆரம்பித்தோம். ஜூலை மாதக் கணக்கில் அது லண்டனில் மதியம் இரண்டரை, டொராண்டோவில் காலை ஒன்பதரை, மெல்பர்னில் ராத்திரி பதினொன்றரை. மெல்பர்ன்காரர் கொட்டாவியோடுதான் ஆமென் சொல்வார். தொற்று அடங்கிய பிறகும் கூட்டம் நிற்கவில்லை.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 2004 மே மாதத்திலேயே இங்கிலாந்தில் 'சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்' என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு முப்பரிமாணக் கோயில் கட்டினார்கள். முழங்கால் போடலாம், கையை உயர்த்தலாம். எல்லாம் பொம்மை உருவத்தில். முதல் பிரசங்கம் லண்டன் பிஷப் ரிச்சர்ட் சார்ட்டர்ஸ். அதற்குள்ளும் சில புண்ணியவான்கள் புகுந்து கெட்ட வார்த்தை கத்தினார்கள். ஊழியர்களுக்கு 'ஸ்மைட்' என்று ஒரு பட்டன் கொடுத்தார்கள். அமுக்கினால் ஆள் வெளியே. அதே வருஷம் ஆக்ஸ்ஃபோர்டு திருமண்டலமும் 'ஐ சர்ச்' என்று ஒன்றை ஆரம்பித்தது. எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஆக, இன்டர்நெட்டில் சபை வைத்தாலும் வாசலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை யார் நியமிப்பது என்பதுதான் கேள்வி.

எங்களிடம் பட்டன், ஜூம் கணக்கை வாங்கிய தம்பியிடம் இருந்தது. பணமும் அவரிடமே. 2021 இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வசூல் செய்ததில் முப்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சி அவருடைய சொந்த அக்கவுண்ட்டில் கிடந்தது. நல்லவர், ஒரு ரூபாய் தொடமாட்டார். ஆனால் நல்லவரிடம் கணக்குக் கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். மூன்று வருஷத்துக்கு ஏழு பேர் கொண்ட கவுன்சில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று அவரே சொன்னார். தேர்தல் அதிகாரி நான். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவன், வேறு யார் சிக்குவார்கள்?

தென் மாவட்டங்களில் திருமண்டலத் தேர்தல் பார்த்தவர்களுக்கு என் கவலை புரியும். இரண்டு அணி, வேன், பிரியாணி. கோர்ட் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி வந்து நடத்திக்கொடுத்த தேர்தல்கள்கூட உண்டு. ஜூமில் பிரியாணி போட முடியாது என்பது ஓர் ஆறுதல்.

பிரச்னை வேறு பக்கத்திலிருந்து வந்தது. இளைஞர்கள் ஒரு வரைவு விதி எழுதினார்கள். ஓட்டுப் போட வேண்டுமென்றால், வருஷத்தில் இருபது வாரமாவது கேமராவைப் போட்டு முகம் காட்டியிருக்க வேண்டும். மாதம் நூறு ரூபாய் ஆன்லைனில் கட்டியிருக்க வேண்டும். அவர்கள் சொன்ன காரணத்தையும் தள்ள முடியாது. ஒரு வீட்டில் நாலு போன், ஒரு போனில் நாலு பேர். 'கேலக்ஸி எம்21' என்ற பெயரில் ஓர் அங்கத்தினர் மூன்று வருஷமாக வருகிறார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது.

பட்டியலில் 112 பேர். விதியைப் போட்டுப் பார்த்தால் 74. விடுபட்ட 38 பேர் யார் என்று உட்கார்ந்து எழுதினேன். துபாய் லேபர் கேம்ப்பில் ஆறு பேர் படுக்கும் அறையில் இருக்கிறவர். கேமராவைப் போட்டால் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரின் லுங்கி தெரியும். நைட் டியூட்டி நர்ஸ் ஒருத்தி, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பாள். மீதி பெரும்பாலும் வயசானவர்கள். தனி அறை, வைஃபை, ஞாயிறு லீவு மூன்றும் உள்ளவர்கள்தான் பட்டியலில் மிஞ்சினார்கள். கேமரா என்பது இந்தக் காலத்துக் கால்வேலி நிலம்.

அந்த 38-ல் என் பெரியம்மாவும் ஒருத்தி. வயது 84, விதவை. 2018-ல் விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து கட்டில்தான். பக்கத்து வீட்டுப் பெண் போனில் நம்பரைப் போட்டுக் கொடுப்பாள். குரல் மட்டும் வரும். அறுபது வருஷம் போன உள்ளூர்ச் சபையில், தொடர்ந்து நற்கருணை எடுக்கவில்லை என்று வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுக்க யாருக்கும் நேரமில்லை. விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏய்யா, அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா, நான் எந்தச் சபைய்யா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு விவாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, பாவம் பார்த்தா கள்ள ஓட்டுக்கு என்ன வழி?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் நாட்டு வாக்குச்சாவடி விதி ஒன்றைச் சொன்னேன். ஓட்டுப் போட வந்தவர் அவர் இல்லை என்று ஏஜென்ட் ஆட்சேபித்தால், இரண்டு ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். கட்டுவது ஆட்சேபிக்கிறவர், ஓட்டுப் போட வந்தவர் அல்ல. முதலில் நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். எதிரிலே நிற்கிற கிழவியை நீ யார் என்று கேட்பதற்கு முன்னால், இல்லை என்கிறவன் வாயைத் திறக்கட்டும். 140 கோடிப் பேர் உள்ள தேசத்துக்கு இது சரிப்படுகிறது. 112 பேருக்குச் சரிப்படாதா?

சந்தா வேண்டாம், கேமரா வேண்டாம், ஆளைத் தெரியும் என்று இரண்டு அங்கத்தினர்கள் சொன்னால் போதும் என்று திருத்தம் கொண்டுவந்தோம். உடனே ஒரு வேடிக்கையான சிக்கல். யாருக்கு ஓட்டு என்று தீர்மானிக்க யாருக்கு ஓட்டு? அன்றைக்குக் குரல் கேட்ட எல்லோருக்கும் என்று முடிவு செய்தோம். 47-க்கு 40. திருத்தம் தப்பிப் பிழைத்தது. 'கேலக்ஸி எம்21' அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தார். டொராண்டோவில் இருக்கும் ஒரு தாத்தா, பேரனின் பழைய போன்.

தேர்தல் நடந்தது. நெட் உள்ளவர்களுக்கு லிங்க். மற்றவர்களுக்கு நானும் இன்னொருவரும் போன் செய்து குறித்துக்கொண்டோம். ஏழு பேரில் நைட் டியூட்டி நர்ஸ் ஒருத்தி. துபாய்க்காரர் நின்றார், தோற்றார். வருத்தம்தான். ஆனால் நின்று தோற்பது வேறு, பெயரே இல்லாமல் போவது வேறு. பணம் இரண்டு பேர் கையெழுத்துள்ள அக்கவுண்ட்டுக்கு மாறியது. ஒருவரை வெளியே தள்ளும் பட்டனை அமுக்க இரண்டு பேர் சம்மதம் வேண்டும்.

பெரியம்மாவிடம் ரகசிய வாக்கெடுப்பு என்று எவ்வளவோ சொன்னேன். ஏழு பெயரையும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு பெயருக்கு விளக்கம் வேறு: "அவனுக்குக் கணக்கு வராது. பாட்டு நல்லாப் படிப்பான். பாட்டுக்கு ஒரு ஓட்டு."

போனை வைக்கும்முன் கேட்டார்: "அடுத்த எலெக்‌ஷன் எப்பய்யா?"

"மூணு வருஷம் கழிச்சு, பெரியம்மா."

"நான் இருக்கனோ இல்லியோ. அதுவரைக்கும் பேரை அடிச்சிராதீங்க."