குதிரையின் வயிற்றுவார்

மாடம்பாக்கம் பக்கம் குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் முகூர்த்த நாளாகப் பார்த்து அகரம்தென் சாலையில் நிற்க வேண்டும். தேனுபுரீஸ்வரர் கோயில் கொண்ட ஊர் இது. கபில முனிவர் பசுவாகப் பிறந்து இங்கே சிவனைப் பூசித்தார் என்கிறது தலபுராணம். ஆக, இங்கே மாட்டுக்கு இருக்கிற மரியாதை குதிரைக்குக் கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் எங்கிருந்தோ வண்டியில் வந்து இறங்கும். பேண்டு வாத்தியம், டியூப்லைட் வரிசை, செல்போன் கேமராக்கள். குதிரையின் மேல் சரிகை வைத்த சிவப்புத் துணி முழங்கால் வரை தொங்கும். அந்தத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஊர்வலம் முடிந்து துணியைக் கழற்றும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். செம்பழுப்புக் குதிரையாக இருந்தால் சில சமயம் அந்த இடத்தில் மட்டும் ஒரு கொத்து வெள்ளை முடி தெரியும். பிறவி மச்சம் என்று நினைப்போம். பெரும்பாலும் அது பழைய புண் ஆறிய இடம். வார் உரசி, தோல் கிழிந்து, முடியின் வேர் கெட்டுப்போனால் திரும்ப முளைக்கிற முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். (குதிரை வாங்கும்போது நம் ஆட்கள் சுழி பார்ப்பார்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். சுழி பார்க்கிற கண் கொஞ்சம் கீழே இறங்கி இந்த வெள்ளை முடியையும் பார்த்தால், குதிரையின் ஜாதகம் இன்னும் தெளிவாகவே தெரியும்!)

சேணம் குதிரையின் முதுகில் தானாக உட்கார்ந்திருக்காது. மார்புக்கூட்டைச் சுற்றி ஒரு வாரைப் போட்டு இறுக்கினால்தான் நிற்கும். நாம் வயிற்றுவார் என்கிறோம். சவாரிப் பள்ளிகளில் கர்த். வடக்கே தங். இந்தியில் தங் என்றாலே இறுக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. பெயரிலேயே பிரச்சினை இருக்கிறது! வயிற்றுவார் என்பதும் சரியான பெயர் இல்லை. அது வயிற்றில் உட்கார்ந்தால் தவறு. முன்னங்கால் முட்டிக்கும் மேலே, உடம்போடு சேருகிற இடத்தில் குதிரைக்கு ஒரு முழங்கை இருக்கிறது. அதற்கு நாலு விரல் பின்னால், மார்பெலும்பின் மேல் வார் வர வேண்டும். முழங்கையை ஒட்டி வந்துவிட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் ஓர் உரசல். ஒரு கிலோமீட்டர் ஊர்வலத்தில் எத்தனை எட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நமக்கும் குதிரைக்கும் உள்ள இந்தத் தகராறு பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் அரபுப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவை சீக்கிரமே செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். லாடம் கட்டத் தெரிந்த ஆள்கூட இல்லை என்கிறார். வெளியூர்க்காரர் கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் ஒன்று உண்மை. குதிரை நம் வெயிலுக்குப் பிறந்த பிராணி இல்லை. அதற்குத் தேவையான சாமான்களையும் நாம் நம் வெயிலை வைத்து யோசித்ததில்லை.

சென்னையில் வார் வாங்குகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது வியர்வையைத்தான். மனிதனைப் போலவே குதிரையும் உடம்பு முழுக்க வியர்க்கும். அந்த வியர்வையில் ஒரு புரதம் இருப்பதால் சோப்பு போல நுரைக்கும். உரசுகிற இடத்தில் நுரை அதிகம். அதோடு தெருப் புழுதி சேர்ந்தால் (மெரினா குதிரைகளுக்கு உப்பும் மணலும்) உப்புத்தாள் தயார். மே மாதக் கத்திரியில் தாம்பரத்திலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் பார்க் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனவருக்கு, இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதனால்தான் பார்வைக்கு மெத்தென்று இருக்கிற நியோப்ரீன் வார், அதாவது நீச்சல் உடை தைக்கிற ரப்பர் துணி, இங்கே கொஞ்சம் ஏமாற்றும். வழுக்காது, கழுவுவது சுலபம், விலையும் அதிகமில்லை. ஆனால் காற்றே போகாது. அரை மணி நேரத்தில் உள்ளே வெந்நீர் ஒத்தடம் மாதிரி ஆகிவிடும். குளிர்தேசத்துக்குச் சரி. தோல் வார் நல்லது, நாளாக நாளாக அந்தக் குதிரையின் உடம்புக்கே படிந்துவிடும். கான்பூரில் தைக்கிற சேணமும் வாரும் உலகம் முழுக்கப் போகின்றன, புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறது அந்த ஊர். ஆனால் தோலைத் தினமும் துடைக்க வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியில் தொங்குகிற நம் பெல்ட்டிலேயே பூஞ்சை பிடிக்கிறது. கவனிக்காத தோல் காய்ந்து விறைத்து ஓரம் கத்தி மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசமான வார் கிடையாது.

பருத்திக் கயிறுகளை வரிசையாகக் கோத்துச் செய்த வார் ஒன்று உண்டு. பார்க்க ஏழைக் கோலம்தான். ஆனால் கயிறுகளுக்கு நடுவே காற்று போகும், வியர்வையை உறிஞ்சும், வாளியில் போட்டு அலசிக் கொடியில் காயப்போடலாம். இந்த ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு இதுவே முதல் தேர்வு. ஒரே நிபந்தனை: அலசியே ஆக வேண்டும். வியர்வை உப்பு காய்ந்த பருத்தி கொட்டாங்கச்சி நார் மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டாக வாங்குவது உத்தமம், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

அளவு அடுத்த தலைவலி. வார்கள் இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் வருகின்றன. கடையில் கண்மதிப்பில் வாங்கக் கூடாது. சேணத்தை அதன் மெத்தையோடு குதிரை மேல் வைத்து, ஒரு பக்கம் தொங்குகிற வாரின் நடுத்துளையிலிருந்து மார்புக்கு அடியாக மறுபக்க நடுத்துளை வரை டேப்பால் அளக்க வேண்டும். அப்போதுதான் மேலேயும் கீழேயும் துளைகள் மிச்சம் இருக்கும். குதிரை மழைக்காலத்தில் பெருக்கும், கோடையில் இளைக்கும். நம் ஊரில் சாதாரணமாக நடப்பது வேறு. பெரிய குதிரைக்குச் செய்த வாரை மெலிந்த குதிரைக்கு மாட்டி, கடைசித் துளையும் போதாமல் ஆணியால் புதுத்துளை போடுவார்கள், அல்லது சணல் கயிறால் முடிச்சு. முடிச்சு எங்கே வரும்? சரியாக முழங்கைக்குப் பின்னால்.

வாரின் ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தால் எல்லா இழுவிசையும் அந்தப் பக்கமே போகும், சேணம் கோணும் என்பது பலர் சொல்கிற குறை. இரண்டு முனையிலும் இருப்பது தேவலை. ஆனால் எலாஸ்டிக் இழுக்க இழுக்க வரும், அளவுக்கு மீறி இறுக்கியது கைக்கே தெரியாது. இந்த இறுக்கத்தைச் சும்மா நினைக்கக் கூடாது. பந்தயக் குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று (1999) வார் இறுக இறுகக் குதிரை சீக்கிரம் களைக்கிறது என்று கண்டது. 2013இல் பிரிட்டனில் அழுத்தமானியை வாருக்கு அடியில் வைத்து அளந்தபோது, அழுத்தம் அதிகம் விழுந்தது மார்பெலும்பில் இல்லை, முழங்கைக்குப் பின்னால். அந்த இடத்தில் அழுத்தாதபடி வெட்டிய வாரைப் போட்டதும் குதிரை முன்னங்காலை இன்னும் நீட்டி வைத்ததாம். நேர்ப்பட்டையை விட்டுவிட்டு முழங்கைப் பக்கம் உள்வாங்கி வளைந்த வாரைத் தேடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, நல்ல வார் கிடைத்துவிட்டது. கட்டுகிற கை சரியில்லையென்றால் அதுவும் வீண். ஒரே இழுப்பில் கட்டினால் குதிரை காதைப் பின்னால் மடக்கும், கடிக்க வரும், மார்பை உப்பிக்கொள்ளும். திமிர் என்று ஒரு அடி வைப்பார்கள். முன்பு வலித்தது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு துளை, நாலு எட்டு நடை, மறுபடி ஒரு துளை. பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் வாருக்கு அடியில் மடிந்த தோல் நீவிக்கொள்ளும். தட்டையாக விரல்களை உள்ளே விட்டால் போக வேண்டும். ஏறிய பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இறங்கியதும் முதல் வேலை இரண்டு துளை தளர்த்துவது. முகூர்த்த நாளில் அதற்குத்தான் நேரமில்லை. ஆறு மணிக்குக் கட்டிய வார், மாப்பிள்ளை மேக்கப் முடிந்து ஊர்வலம் கிளம்பவே எட்டரை. பத்து மணிக்கு மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் ஆரத்தி, போட்டோ, வெடி. குதிரைக்காரருக்கும் பசிக்கும், அவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பார்கள். வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் சரிகைத் துணியோடு குதிரை காலை மாற்றி மாற்றி நிற்கிறது. வார் இன்னும் அதே துளையில்.